வாத்தியம் இல்லாமல் ஐரிஷ் பாட்டு

கேள்வி: நாங்கள் நாலு பேர், ‘ஷி மூவ்டு த்ரூ த ஃபேர்’ பாட்டை வாத்தியம் இல்லாமல் ஹார்மனியில் (ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்வரமாக) பாடிப் பார்த்தோம். சர்ச் பாட்டு மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

பதில்: குரலில் தப்பில்லை, ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) வைத்திருப்பீர்கள், அதுதான். அயர்லாந்தின் ‘ஷான் நோஸ்’ பாணியே ஒற்றைக் குரல் பாட்டு; துணைக்குரல் கிடையாது, தாளம் இழுத்த இழுப்புக்கு வரும், கமகம் மாதிரி நுணுக்கங்கள் வேறு. நாலு பேரும் சேர்ந்து நகர்ந்தால் அதெல்லாம் நசுங்கிவிடும். அப்புறம் அந்த மெட்டு மிக்ஸோலிடியன் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை, நம் கணக்கில் ஹரிகாம்போஜி ராகம், நிஷாதம் கொஞ்சம் இறங்கியே நிற்கும். துணைக்குரலில் யாராவது பழக்கதோஷத்தில் அதை ஏற்றிப் பாடினால் அங்கேயே பாட்டு செத்தது!

ஒருவர் மட்டும் மெட்டைச் சுதந்திரமாகப் பாடட்டும். அடிக்குரல் ஸட்ஜமோ பஞ்சமமோ ‘ம்ம்’ என்று பிடிக்கட்டும், தம்புரா மாதிரி. நடுக்குரல்கள் வரி முடிகிற இடத்தில் மட்டும் அசைந்தால் போதும். மூச்சை மாற்றி மாற்றி எடுங்கள், இல்லையென்றால் சுருதி இறங்கும்.

1987-இல் டப்ளினில் மைக்கேல் மெக்ளின் தொடங்கிய ‘அனூனா’ பாடகர் குழுவைக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், சரியா?