கோவையிலிருந்து மதுரைக்கு ஒரு நாள்: ஆரப்பாளையத்தில் இறங்கியதும் என்ன செய்வது?

கேள்வி: நான் 61 வயதுப் பெண். கோவையில் ராத்திரி பஸ் ஏறி, வெள்ளிக்கிழமை விடிகாலை மாட்டுத்தாவணியில் இறங்கி, மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம் மூன்றையும் டவுன் பஸ்ஸிலும் நடந்தும் பார்த்துவிட்டு அன்று இரவே திரும்ப ஆசை. தனியாகத்தான் போகிறேன், மதுரை பழக்கமில்லை. ஆட்டோக்காரர்கள் சுற்றி வளைத்துக்கொள்வார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். சாத்தியமா?

பதில்: தாராளமாகச் சாத்தியம். ஆனால் உங்கள் திட்டத்தில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும்.

கோவை அரசு பஸ் உங்களை மாட்டுத்தாவணியில் இறக்காது, ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில்தான் இறக்கும். இரவு திரும்பவும் அங்கேதான் ஏற வேண்டும். மாட்டுத்தாவணி என்று மனதில் வைத்துக்கொண்டு இறங்கினால், "அது ரொம்ப தூரம்மா, வாங்க கொண்டுபோய் விடறேன்" என்பவரிடம் நேராகப் போய் மாட்டுவீர்கள். நீங்கள் மாட்டுத்தாவணிக்குப் போகவே தேவையில்லை.

அடுத்தது கிழமை. காந்தி மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கோயிலிலும் செவ்வாய், வெள்ளியில் நெரிசல். அந்த இரண்டையும் விட்டு வேறு நாள் பாருங்கள்.

ஆரப்பாளையத்திலிருந்து பெரியார் பஸ் நிலையம் மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. டவுன் பஸ் அடிக்கடி உண்டு. "இந்த நேரத்துக்கு பஸ் கிடையாது" என்று சொல்பவர் எப்போதும் வண்டி வைத்திருப்பவராகவே இருப்பார். அவரிடம் எதுவும் கேட்காதீர்கள். பயணச்சீட்டுப் பையோடு நிற்கும் கண்டக்டரிடமோ, டீக்கடைக்காரரிடமோ "பெரியார் போகுமா?" என்று மட்டும் கேளுங்கள். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று ஒழுங்காக ஒரு பலகை எழுதி வைத்தால் பாதிப் புரோக்கர்களுக்குப் பிழைப்பே இருக்காது. நம் பஸ் நிலையங்களைக் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டுவார்கள், அந்தப் பலகை ஒன்றைத்தான் வைக்க மாட்டார்கள்.

பெண்களுக்கான இலவசப் பயணத்தைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன், இதில்தான் பலர் சண்டை போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். 2021 மே முதல் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் என்பது எல்லா டவுன் பஸ்ஸுக்கும் பொருந்தாது. சாதாரணக் கட்டண பஸ்ஸுக்கு மட்டும்தான். அந்த வண்டிகள் பலவற்றின் முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்திருக்கும். நிறத்தை நம்பாமல் "மகளிர் இலவசம்தானே?" என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். எக்ஸ்பிரஸ், டீலக்ஸ், தனியார் மினிபஸ் எல்லாவற்றுக்கும் காசு. நகரத்துக்குள் நின்று போகும் வெளியூர் பஸ்ஸுக்கும் காசுதான். கோவைக்காரர் என்பதால் மதுரையில் செல்லாது என்று ஒன்றும் இல்லை, ஆதார் காட்டவும் வேண்டாம். ஆனால் இலவசமாக இருந்தாலும் கண்டக்டர் தரும் சீட்டைக் கேட்டு வாங்கி, இறங்கும் வரை கையில் வைத்திருங்கள். செக்கிங் ஏறினால் அதைத்தான் கேட்பார். காசு கொடுக்க வேண்டிய வண்டிக்கு ஐந்து, பத்து ரூபாய்ச் சில்லறையாக ஐம்பது ரூபாய் எடுத்துப் போங்கள்.

தோளில் மாட்டும் ஒரே பையோடு போங்கள். பெரிய பையை ஜங்ஷன் கிளோக் ரூமில் வைத்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அங்கே ரயில் டிக்கெட் கேட்பார்கள், பையும் பூட்டியிருக்க வேண்டும். பஸ்ஸில் வந்தவருக்கு அது உதவாது.

பெரியாரிலிருந்து கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர்தான், நடந்தே போகலாம். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரம் சதுரமாக வரும். சித்திரை வீதி வந்தால் கோயில் மதிலை ஒட்டி வந்துவிட்டீர்கள். காலை ஏழுக்குள் உள்ளே இருங்கள். பகல் 12.30-க்கு நடை சாத்தினால் மாலை 4-க்குத்தான் திறப்பார்கள்.

2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே செல்போன் கிடையாது. வாசல் கவுண்டரில் போனையும், செருப்பைக் காப்பிடத்திலும் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வீர்கள். இங்கேதான் சிக்கல் வரும். நான்கு பக்கமும் ராஜகோபுரம், உள்ளே சுற்றியதில் திசை குழம்பி வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிடுவார்கள். வெயில் ஏறிய பிறகு சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு அடுத்த வாசலுக்கு நடப்பது நரகம். அதனால் கிழக்கு வாசலில் நுழைந்து, எந்த வாசல் என்று டோக்கனோடு ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கிழக்கிலேயே வெளியே வாருங்கள். சீக்கிரத் தரிசனம் என்று வெளியே ஒருவர் சொன்னால் நிற்காதீர்கள். கட்டணச் சீட்டுக்குக் கோயில் கவுண்டரைத் தவிர வேறு இடம் கிடையாது. "மாடியில் ஏறினால் கோபுரமெல்லாம் தெரியும், இலவசம்" என்பவர் ஒரு துணிக்கடைக்கோ கைவினைக் கடைக்கோ கூட்டிப்போகும் ஆள். கோபுரம் தெரியத்தான் செய்யும். இறங்கி வரும்போது ஒரு சால்வையும் கையில் இருக்கும்.

கிழக்கு வாசலிலிருந்து கீழமாசி வீதிக்கு வந்து தெற்கே திரும்பினால் விளக்குத்தூண். ஜிகர்தண்டா அங்கே நன்றாக இருக்கும். பத்துத்தூண் சந்து வழியாகப் போனால் மகால், மொத்தம் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள். 1636-ல் கட்டியதில் எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான், ஒரு மணி நேரம் போதும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு சிம்மக்கல் நிறுத்தத்துக்கு வந்து, மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் தமுக்கத்தில் இறங்குங்கள். மியூசியம் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிறது. பகல் 1 முதல் 2 வரை பூட்டு, அதனால் இரண்டுக்கு மேல் போனால் போதும், 5.45 வரை நேரம் உண்டு. திரும்பும்போது எதிர்ப்பக்கம் நின்று பெரியார் பஸ் பிடியுங்கள். ஊருக்குள் ஒருவழிப்பாதை அதிகம், அதனால் ஏறிய இடத்திலேயே இறக்குவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பஸ் சிம்மக்கல்லைத் தாண்டிப் போனாலும் கண்டக்டரிடம் சொல்லிவைத்து, பெரியாரில் இறங்கி, ஆரப்பாளையம் பஸ் மாறிக்கொள்ளலாம். இரவு எட்டரைக்குள் ஆரப்பாளையத்தில் இருந்தால் கோவை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு வாய்ப்பு உண்டு.