சிறுமூளை செல்கள், கால்சியம், குளூட்டமேட்: கேள்வி பதில்

மதுரையில் செல் கல்ச்சர் செய்யும், அதாவது உயிருள்ள செல்களை டிஷ் என்னும் தட்டில் வளர்க்கும் மாணவர்களும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்டவை இவை.

நாகமலை புதுக்கோட்டை, ஆய்வு மாணவி: மேடம், எலிக்குட்டியின் சிறுமூளையில் எடுத்த கிரானுல் செல்கள் என்ற சிறு நரம்பு செல்களுக்கு 25 மில்லிமோலார் பொட்டாசியம் கொடுக்கச் சொல்கிறார்கள். உடம்பில் அவ்வளவு கிடையாதே?

கிடையாதும்மா. உடம்பில் செல்லுக்கு வெளியே 3 முதல் 5 மில்லிமோலார்தான். ஆனால் அங்கே மாசி ஃபைபர்கள் என்ற நரம்பு இழைகள் வழியாக அந்த செல்லுக்குச் சேதி வந்துகொண்டே இருக்கும். டிஷ்ஷில் சேதி அனுப்ப யாருமில்லை. பொட்டாசியத்தைக் கூட்டினால் செல்லின் உட்புற எதிர்மின்னழுத்தம் குறைகிறது, கால்சியம் நுழையும் வாசல்களான எல் வகை சேனல்கள் திறக்கின்றன. அப்படி அளவாக உள்ளே வரும் கால்சியம்தான் செல்லைப் பிழைக்க வைக்கிறது. வளர்ந்த கல்ச்சரை 5 மில்லிமோலாருக்கு இறக்கிப் பாருங்கள், ஓரிரு நாளில் அப்போப்டோசிஸ், அதாவது செல் தன்னைத் தானே அழித்துக்கொள்வது, தொடங்கிவிடும்.

திருமங்கலம், ஆய்வு மாணவர்: எட்டு நாள் செல்கள் அருமையாக இருந்தன. ஒன்பதாம் நாள் சீரம் (இரத்தத்தின் தெளிநீர்) சேர்த்த புது மீடியம் (வளர்ப்புத் திரவம்) மாற்றினேன். மறுநாள் பாதி செத்துக் கிடந்தன. கன்டாமினேஷனா, கிருமி புகுந்துவிட்டதா?

மீடியம் கலங்கவில்லை என்றால், எனக்குச் சந்தேகம் அந்தப் புது மீடியத்தின் மேல்தான், தம்பி. சீரத்தில் குளூட்டமேட் இருக்கிறது; மூளை செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் பொருள் அது. ஒரு வாரம் வளர்ந்த செல்லில், குளூட்டமேட் வந்தால் கால்சியத்துக்குக் கதவு திறக்கும் என்எம்டிஏ ஏற்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கியிருக்கும். சாதாரணமாக அந்தக் கதவுக்கு மக்னீசியம்தான் தாழ்ப்பாள். உங்கள் 25 மில்லிமோலார் பொட்டாசியம் அந்தத் தாழ்ப்பாளை ஏற்கெனவே தளர்த்தி வைத்திருக்கிறது. கூடவே வேண்டிய கிளைசின் மீடியத்திலேயே உண்டு. குளூட்டமேட் வந்ததும் கால்சியம் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, செல் சாகிறது. சோதிக்க ஒரு வழி: ஒரு டிஷ்ஷில் அந்தக் கதவை அடைக்கும் எம்கே-801 மருந்தைப் போட்டுவிட்டு மீடியம் மாற்றுங்கள். அந்த டிஷ் பிழைத்தால் விடை கிடைத்துவிட்டது. இனிமேல் முழுதாக மாற்றாதீர்கள், குளுக்கோஸ் மட்டும் அவ்வப்போது சேர்த்தால் போதும். சித்திரை வெயில் காலத்தில் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டையும் தினம் பாருங்கள். அது வற்றினால் மீடியம் ஆவியாகி உப்பு கூடிவிடும்.

அவரே: செல்கள் பெருகுவதைத் தடுக்கும் ஆரா-சி எப்போது போடுவது?

செல் போட்ட மறுநாள், 10 மைக்ரோமோலார். விட்டால் நரம்பு செல்லுக்குத் துணையான கிளியா செல்கள் பெருகும். கிளியா குளூட்டமேட்டை உறிஞ்சிக்கொள்ளும், உங்கள் கணக்கு எல்லாம் தப்பும்.

மதுரை, ஆய்வு மாணவி: கால்சியத்தைக் காட்டும் ஃபியூரா-2 சாயம் வைத்துப் பார்க்கும்போது, குளூட்டமேட் கொடுத்ததும் கால்சியம் ஏறுகிறது, கொஞ்சம் இறங்குகிறது. வெகுநேரம் கழித்து மறுபடி ஏறி, இறங்கவே மாட்டேன் என்கிறது. கருவிக் கோளாறா?

கருவியைத் திட்டாதீர்கள். இரண்டாவது ஏற்றம்தான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. முதலில் வந்த கால்சியத்தை மைட்டோகாண்ட்ரியா விழுங்கிச் சமாளிக்கிறது. அது தன் மின்னழுத்தத்தை இழந்ததும் செல்லால் கால்சியத்தை வெளியேற்ற முடிவதில்லை. அதற்குப் பிறகு குளூட்டமேட்டைக் கழுவி எடுத்தாலும் அந்த செல் பெரும்பாலும் மீளாது. அதனால் எல்லா செல்லையும் சேர்த்துச் சராசரி போடாதீர்கள். ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு நேரத்தில் விழும், சராசரி அதை மறைத்துவிடும். இன்னொன்று, ஃபியூரா-2 சுமார் 220 நானோமோலாரில் பாதி நிரம்பிவிடும். மைக்ரோமோலார் அளவுகளை அதில் படித்து நம்ப வேண்டாம், பிடிப்பு குறைந்த சாயம் ஒன்றையும் கூடவே பயன்படுத்துங்கள்.

மேலூர், ஒரு தாய்: அப்படியானால் குளூட்டமேட் உள்ள அஜினோமோட்டோ போட்ட சாப்பாடு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்குமா மேடம்?

பயப்படாதீங்கம்மா. சாப்பாட்டில் வரும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடல் செல்களே எரித்துவிடும். மிச்சத்தை இரத்த-மூளைத் தடுப்பு தடுக்கும். 1969இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி மூளைச் சேதம் கண்டது, பிறந்த எலிக்குஞ்சுகளுக்குத் தோலுக்கடியில் மிகப் பெரிய அளவை ஊசியாகப் போட்டு. நாங்கள் கவலைப்படுவது பக்கவாதம் பற்றி. இரத்தம் நின்றுபோன இடத்தில் மூளை செல்களே தம் குளூட்டமேட்டைக் கொட்டிவிடுகின்றன.

திருமங்கலம் மாணவர்: அப்போது என்எம்டிஏவை அடைத்தால் பக்கவாதம் குணமாகுமா?

1990களில் பெரிய சோதனைகள் நடத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. நோயாளி மருத்துவமனைக்கு வருவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. அந்த ஏற்பி நினைவுக்கும் சாதாரண வேலைக்கும் தேவை என்பதால் மொத்தமாக அடைத்தால் மனக்குழப்பம் வருகிறது. மிதமாக அடைக்கும் மெமன்டின் மட்டும் அல்சைமருக்குப் பயன்படுகிறது. உங்கள் டிஷ்ஷில் மருந்தை குளூட்டமேட்டுக்கு முன்பு மட்டும் கொடுக்காமல், அரை மணி கழித்தும் இரண்டு மணி கழித்தும் கொடுத்துப் பாருங்கள். நோயாளிக்கு உதவ வாய்ப்பு உண்டா என்பதை அந்த டிஷ்தான் கொஞ்சமாவது காட்டும்.