வேட்டைக்குப் போன இடத்தில் ஜாகுவார்

கேள்வி: வேட்டைக்குப் போனவர்கள் தேடிப் போகாத அரிய விலங்கைப் பார்த்த சம்பவம் ஏதாவது தெரியுமா?

நான் வேட்டையை ஆதரிப்பவன் இல்லை. ஆனாலும் இப்படி யார் கேட்டாலும் வார்னர் கிளென் என்ற வேட்டைக்காரரைப் பற்றித்தான் சொல்வேன். அரிசோனாவில் மாட்டுப் பண்ணைக்காரர்; மலைச்சிங்க (பூமா) வேட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியும்கூட.

1996 மார்ச் 7. மெக்சிகோ எல்லையை ஒட்டிய பெலோன்சியோ மலைகள். நாய்கள் மோப்பம் பிடித்து முன்னால் ஓட, இவர் கோவேறு கழுதையில் பின்னால் போகிறார். பூமாவை மடக்கிவிட்டன என்று நினைத்துப் போய்ப் பார்த்தால், பாறைமேல் நிற்பது ஜாகுவார்! அரிசோனாவில் ஜாகுவார் கிட்டத்தட்ட ஒழிந்தே போயிருந்தது. கடைசியாக அறியப்பட்ட பெண் ஜாகுவார் சுடப்பட்டது 1963இல்.

கிளெனின் கை கேமராவுக்குத்தான் போனது. நெருங்கியபோது அது அவர்மேல் பாய வந்தது. நாய்கள் குறுக்கே புகுந்து தடுத்தன. பிறகு நாய்களை விலக்கி அதைப் போகவிட்டார். அமெரிக்க மண்ணில் உயிரோடு திரியும் காட்டு ஜாகுவாரை எடுத்த முதல் படங்கள் அவை. நம்மூர்ச் சிறுத்தையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வித்தியாசம் சட்டென்று தெரியும்: தலை பெரிது, கால்கள் கட்டை, உடம்பிலுள்ள வளையங்களுக்குள்ளே கருப்புப் பொட்டுகள். சிறுத்தையின் வளையத்துக்குள் அந்தப் பொட்டு இருக்காது.

என்னைக் கேட்டால், சுடாமல் விட்டதைவிடப் பெரிய விஷயம் படத்தை வெளியிட்டதுதான். ஜாகுவார் இருக்கிறது என்று தெரிந்தால் மேய்ச்சல் நிலத்துக்கு அரசாங்கக் கட்டுப்பாடு வரும் என்று பண்ணைக்காரர்கள் பயப்படுகிற பகுதி அது. பேசாமல் மறைத்திருக்கலாம். கிளென் மறைக்கவில்லை, அந்த அனுபவத்தைப் புத்தகமாகவே போட்டார். அமெரிக்காவுக்குத் தெற்கே 1972 முதலே அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலில் இருந்த ஜாகுவாருக்கு, அமெரிக்காவுக்குள்ளும் அந்தப் பாதுகாப்பு 1997இல் கிடைத்தது.

அதே 1996 ஆகஸ்டில் அரிசோனாவின் பாபோகிவாரி மலையில் ஜாக் சைல்ட்ஸ் என்பவருக்கும் இதே அனுபவம். அவரும் நாய்களோடு பூமா வேட்டைக்குப் போனவர்தான். பிற்பாடு அவர் எல்லைக் காடுகளில் தானியங்கி கேமரா வைத்து ஜாகுவார்களைக் கண்காணிக்கும் வேலையில் இறங்கிவிட்டார். கிளென் 2006 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் அனிமாஸ் மலையில் இன்னொரு ஜாகுவாரையும் படம் பிடித்தார், அதுவும் பூமா வேட்டைக்குப் போன இடத்தில்தான்.