மன உறுதி இருக்கிறது, துணைதான் இல்லை

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். காலையில் சமையலுக்கே நேரம் போதவில்லை. சாயங்காலம் தெருவில் தனியாக நடக்கக் கூச்சம். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் விட்டுவிட்டேன். எனக்கு மன உறுதி இல்லையா, மேடம்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: விடிவதற்கு முன்னால் எழுந்து நான்கு பேருக்கு டிபன் கட்டுகிறவரிடம் உறுதி இல்லை என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். உங்களுக்கு வேண்டியது இடமும் துணையும்.

சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்று ஒரு குடியிருப்பு. தொண்ணூறுகளில் நீரிழிவு ஆய்வுக்காக அங்கே கணக்கெடுத்தபோது, ஒழுங்காக உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்குப் பதினான்கு பேர்தான். ஆய்வாளர்கள் விஷயத்தை எடுத்துச் சொன்னதும், காலனிக்காரர்களே பணம் திரட்டி ஒரு பூங்கா அமைத்தார்கள். சில வருடம் கழித்து மறுபடி பார்த்தால், நூற்றுக்கு 58 பேருக்கு மேல்! வீட்டுப் பக்கத்திலேயே நடக்க ஓர் இடம் கிடைத்ததும், அக்கம்பக்கத்தார் நடப்பதைக் கண்ணால் பார்த்ததும்தான் இதைச் செய்தது என்று நான் நம்புகிறேன்.

உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து சென்னையில் நடந்த இன்னொரு ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில், மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் சொல்லி, அவ்வப்போது போனில் விசாரித்துக்கொண்டே இருந்தவர்களில் அது 39 பேர். அந்த விசாரிப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். என்னிடம் முழங்கால் வலிக்கு வந்த மூன்று பெண்கள் ஒரே தெரு. ஆறு மணிக்கு ஒருவர் மிஸ்டு கால் கொடுப்பார். மற்ற இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். மூன்று பேர் சேர்ந்து போகும்போது எங்கிருந்து கூச்சம் வரும்?

அப்புறம், அரை மணியை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எப்படிப் பிரித்துக்கொண்டாலும் சேரும். மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு மொட்டை மாடியில் பத்துப் பத்து நிமிடம் நடங்கள். நடக்கும்போது பேச வர வேண்டும், பாட வரக்கூடாது. அந்த வேகம் போதும்.

கேள்வி: என் கைக்கடிகாரம் தினமும் 10,000 அடி கேட்கிறது. 6,000 தாண்ட முடியவில்லை. பிரயோஜனம் உண்டா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: நிச்சயமாக உண்டு. அந்த 10,000, ஜப்பானில் 1965இல் விற்பனைக்கு வந்த காலடிகளை எண்ணும் ஒரு கருவியின் பெயரிலிருந்து பரவிய எண். அமெரிக்காவில் சராசரி 72 வயதுப் பெண்களை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500 அடிக்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை. உங்கள் வயதை எழுதவில்லை. இளைஞர் என்றால் கூடக் கொஞ்சம் முயலலாம்.

கேள்வி: 74 வயது அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறிவு இல்லை. இனி நடமாடவே வேண்டாம் என்கிறார் அண்ணன். சரியா?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அண்ணனின் பயம் புரிகிறது. ஆனால் உட்கார வைத்தால் அப்பா மறுபடி விழுவதற்குத்தான் வழி. இப்படி மூன்று மாதம் நாற்காலியிலேயே இருந்த ஒரு தலைமையாசிரியரை என்னிடம் அழைத்து வந்தார்கள். இரண்டு கையையும் ஊன்றி, மூன்றாவது முயற்சியில்தான் எழுந்தார். தொடைச் சதை அவ்வளவு கரைந்திருந்தது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில், முதியவர்கள் வீட்டிலேயே செய்யும்படி கால் பலத்துக்கும் சமநிலைக்கும் ஒரு பயிற்சி முறை வகுத்தார்கள். அதைச் செய்தவர்கள் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அப்பாவுக்கு இப்படித் தொடங்குங்கள்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்கட்டும். பிறகு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். அப்புறம் ஒரு காலின் விரல்களுக்கு முன்னால் மறு காலின் குதிகாலை ஒட்டி வைத்து, மேடையைத் தொட்டபடி பத்து விநாடி நிற்கட்டும். வாரம் மூன்று நாள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

அதற்கு முன், எழும்போது தலை சுற்றுகிறதா, பிரஷர் மாத்திரையின் அளவு சரியா, கண்ணில் புரை இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பாத்ரூம் சுவரில் ஒரு கைப்பிடியும் இந்த வாரமே பொருத்திவிடுங்கள்.