லினக்ஸ் கர்னல் அப்டேட் போட்டதும் நெட் போச்சா? இன்னைக்கு கேளுங்க, பதில் சொல்றேன்

வணக்கம். ஒரு வாரமா இங்க பர்மால ரங்கூன், பெகு, மோல்மேன்னு எல்லா பக்கமும் இருந்து ஒரே கேள்விதான் வருது, அப்டேட் போட்டேன் ரீஸ்டார்ட் பண்ணேன் நெட்டு இல்லன்னு. அதனால இன்னைக்கு சாயந்திரம் இதுக்குன்னே உக்காந்துருக்கேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், பழைய கர்னல (லினக்ஸோட மையப் புரோகிராம்) அழிச்சிடாதீங்க, ஃபார்மட்டும் போட்டுடாதீங்க.

கேள்வி (மோல்மேன்): அண்ணே, டெபியன் லினக்ஸ 12ல இருந்து 13க்கு ஏத்துனேன். லேன் செத்துப்போச்சு. கடைக்காரரு கார்டு போயிடுச்சு புதுசு வாங்குங்கறாரு.

பதில்: தம்பி, காச எடுக்காதீங்க. மிஷின ஆன் பண்ணும்போது கிரப் மெனுல (எந்த கர்னல்ல ஏறணும்னு கேக்கற ஸ்கிரீன்) அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்குள்ள போங்க, பழைய 6.1 கர்னல் இன்னும் அங்கயே இருக்கும், அதுல ஏறிப் பாருங்க. நெட் வந்துச்சுன்னா கார்டு நல்லாத்தான் இருக்கு. அப்புறம் புது 6.12ல ஏறி டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ, ஒரு ஸ்பேஸ், ஹைபன், என்என்கே அடிங்க. கார்டு பேருக்கு கீழ 'கர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி வரணும். கார்டு தெரிஞ்சு அந்த வரி மட்டும் இல்லன்னா டிரைவர் (கார்ட ஓட்டற புரோகிராம்) ஏறல.

அதே தம்பி: 6.1ல நெட் வருதுண்ணே! 6.12ல அந்த வரி இல்ல. ரியல்டெக் 8111 கார்டு. ரெண்டு வருஷம் முன்னாடி யாரோ சொல்லி ஆர்8168 டிகேஎம்எஸ் போட்டேன்.

பதில்: அங்கதான் முடிச்சு இருக்கு. இந்த கார்டுக்கு கர்னலுக்குள்ளயே ஆர்8169னு டிரைவர் உண்டு. நீங்க போட்ட ஆர்8168 வெளிய இருந்து வர்றது, ரெண்டும் மோதிக்கக் கூடாதுன்னு அந்த பேக்கேஜ் ஆர்8169அ பிளாக்லிஸ்ட்ல போட்டுடும். வெளி டிரைவர ஒவ்வொரு புது கர்னலுக்கும் டிகேஎம்எஸ்ங்கற டூல் திரும்ப கம்பைல் பண்ணணும், அதுக்கு அந்த கர்னலோட ஹெட்டர்ஸ் (கம்பைலுக்கு தேவையான ஃபைல்கள்) வேணும். உங்க மிஷின்ல 6.12 ஹெட்டர்ஸ் இறங்கிருக்காது, அதனால ஆர்8168 உருவாகல, ஆர்8169க்கோ தடை, கார்டு ரெண்டுங்கெட்டானா நிக்குது. லினக்ஸ் ஹெட்டர்ஸ் ஏஎம்டி64 பேக்கேஜ் போட்டு டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால் ஓட்டலாம். ஆனா எனக்கு பிடிச்ச வழி, அந்த ஆர்8168அ பர்ஜ் பண்ணி தூக்கிடறதுதான், ஆர்8169 இப்ப நல்லாவே ஓடுது. தூக்கினதும் ஈடிசிக்குள்ள மாட்புரோப்.டி ஃபோல்டர்ல பிளாக்லிஸ்ட் வரி மிச்சம் இருக்கான்னு பாருங்க, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், ஒரு ஸ்பேஸ், ஹைபன் யூ (பூட் ஆகும்போது ஏறுற ஃபைல புதுப்பிக்கறது) ஒரு தடவ ஓட்டிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

கேள்வி (பெகு): நெட்டே இல்லாம ஹெட்டர்ஸ எப்படிங்கண்ணா இறக்குறது? பழைய கர்னலையும் நான் அழிச்சிட்டேன்.

பதில்: கவலப்படாதம்மா. ஆண்ட்ராய்டு போன யூஎஸ்பி வயர்ல மாட்டி, செட்டிங்ஸ்ல யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணு. அதுக்கான டிரைவர் பெரும்பாலும் கர்னலோடயே வந்துடும், கம்பி நெட்டு மாதிரியே எடுத்துக்கும். ஹெட்டர்ஸ் ரொம்ப பெரிசில்ல, டேட்டா கொஞ்சந்தான் போகும். ஆனா போன் நெட்டுல இருக்கும்போது முழு அப்டேட் தட்டிடாத, மாசத்து பேக்கு ஒரே நாள்ல காலியாயிடும். பழைய கர்னல அழிச்ச வலி எனக்கும் தெரியும்மா. பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சிருச்சுன்னு ஒரு ராத்திரி கையாலயே அழிச்சேன், விடியிற வரைக்கும் தூங்கல.

கேள்வி (தன்லின்): அப்டேட் ஓடிட்டிருக்கும்போதே கரண்டு போயிடுச்சு. இப்ப புது கர்னல் ஏறுது, ஆனா லேனும் இல்ல வைஃபையும் இல்ல.

பதில்: இது நம்மூர்ல அடிக்கடி நடக்கறது, கார்டு மேல எந்த தப்பும் இல்ல. பேக்கேஜ் பாதில நின்னுருக்கு, மாட்யூல் ஃபைல் (டிரைவர் ஃபைல்) எல்லாம் முழுசா வந்திருக்காது. பழைய கர்னல்ல ஏறி சூடோ போட்டு டிபிகேஜி, ஒரு ஸ்பேஸ், ரெண்டு ஹைபன், கான்ஃபிகர், ஒரு ஸ்பேஸ், ஹைபன் ஏ ஓட்டுங்க, பாதில நின்னத அதுவே முடிக்கும். அப்புறம் அந்த கர்னல் இமேஜ ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. உபுண்டுவா இருந்தா லினக்ஸ் மாட்யூல்ஸ் எக்ஸ்ட்ராவும் இருக்கான்னு பாருங்க, நிறைய வைஃபை டிரைவர் அதுக்குள்ளதான் இருக்கு. இனிமே பெரிய அப்டேட்ட லேப்டாப் பேட்டரி நிறைஞ்சப்புறமோ இன்வெர்ட்டர்லயோ மட்டும் பண்ணுங்க.

கேள்வி (ரங்கூன்): கோயில் தமிழ் வகுப்பு கம்ப்யூட்டர் அண்ணே. டிரைவர் ஏறிருக்கு, லைட்டும் எரியுது, ஐபி மட்டும் வரல.

பதில்: ஐபி ஸ்பேஸ் லிங்க் அடிச்சு பேர பாருங்க. முன்ன இஎன்பி2எஸ்0னு இருந்தது இப்ப வேற பேரா மாறிருக்கும், கர்னல் மாறினாலோ புதுசா எஸ்எஸ்டி மாட்டினாலோ இப்படி ஆகும். கான்ஃபிக் ஃபைல்ல பழைய பேரு இருக்கறதால புது பேர யாரும் எழுப்பல. நெட்பிளான்லயோ இன்டர்ஃபேசஸ் ஃபைல்லயோ பேர மாத்துங்க, போதும். பிள்ளைங்க வகுப்பு நிக்கக் கூடாது, முடியலன்னா ஞாயித்துக்கிழம நானே வந்து பாக்கறேன்.

கேள்வி: வைஃபை வரல, டிமெசேஜ் (கர்னல் எழுதற லாக்) பாத்தா ஃபர்ம்வேர் ஃபெயில்டு, எரர் மைனஸ் 2ன்னு வருது.

பதில்: மைனஸ் 2ன்னா ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ள ஏத்தற சின்ன புரோகிராம்) ஃபைலே இல்லன்னு அர்த்தம். டெபியன் 12ல இருந்து ஃபர்ம்வேர் எல்லாம் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்ங்கற தனி பகுதிக்கு போயிடுச்சு. சோர்சஸ் லிஸ்ட்ல அத சேத்துட்டு உங்க கார்டுக்கானத போடுங்க, இன்டெல்னா ஃபர்ம்வேர் ஐடபிள்யூஎல்வைஃபை.

கேள்வி: டிகேஎம்எஸ் சரியா கம்பைல் ஆகுது, ஆனா மாட்புரோப் போட்டு டிரைவர ஏத்துனா 'கீ வாஸ் ரிஜெக்டட்'ங்குது.

பதில்: செக்யூர் பூட்தான் காரணம், தெரியாத சாவில கையெழுத்து போட்ட டிரைவர ஏத்த விடாது. மோக்யூட்டில்ல டிகேஎம்எஸ்ஸோட சாவிய இம்போர்ட் பண்ணி ஒரு பாஸ்வேர்டு குடுங்க, ரீஸ்டார்ட் ஆகும்போது நீல ஸ்கிரீன் வரும், அதுல என்ரோல் பண்ணி அதே பாஸ்வேர்டு அடிங்க. அந்த ஸ்கிரீன் கொஞ்ச நேரந்தான் நிக்கும், டீ குடிக்க எழுந்து போயிடாதீங்க.

கேள்வி (மோல்மேன் தம்பி): அண்ணே ஆர்8168அ தூக்கிட்டேன், நெட் வந்துருச்சு! அடுத்த தடவ ரீஸ்டார்ட்டுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

பதில்: ரொம்ப சந்தோஷம் தம்பி. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிங்க. ஒண்ணுமே வரலன்னா வெளி டிரைவரே இல்ல, கவலையில்ல. வேற வெளி டிரைவர் ஏதாவது இருந்து, புது கர்னல் நம்பருக்கு நேரா இன்ஸ்டால்டுன்னு வரலன்னா ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, நெட்டு கையில இருக்கும்போதே ஹெட்டர்ஸ இறக்கிடுங்க.