வயதான அம்மா "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்றால்

உங்கள் அம்மா இப்படிச் சொல்கிறார், என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். அம்மாவைத் திருத்த வேண்டாம். "அப்படிச் சொல்லாதீங்க அம்மா, பாவம்" என்றால் அவர் வாய் மூடிக்கொள்வார், பயம் போகாது. அந்தப் பயமே வேதாகமத்தில் (பைபிளில்) மன்றாட்டாக இருக்கிறது. 71ஆம் திருப்பாடலைப் பக்கத்தில் இருந்து மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். இளமை முதல் உம்மையே நம்பினேன் என்று 5ஆம் வசனத்தில் சொல்பவர்தான், 9ஆம் வசனத்தில் முதுமையில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கெஞ்சுகிறார். நம்பிக்கை உள்ளவர்தான் இப்படி உரிமையோடு கேட்பார்.

முழங்கால் வலியால் செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் காரணமாகப் படுகிறது. மெழுகுதிரி கொளுத்தி, அந்தோனியார் சுரூபத்தை (சிலையை) தொட்டு வந்த கை வீட்டில் சும்மா இருக்கிறது. கோவில் தூரமானதை, கடவுள் தூரமானதாக அவர் எடுத்துக்கொள்கிறார்.

ஒன்று செய்து பாருங்கள். 1983 இனக்கலவரத்தில் எப்படித் தப்பினீர்கள், தாத்தா போன பிறகு பிள்ளைகளை எப்படி வளர்த்தீர்கள் என்று பேரப்பிள்ளையைக் கேட்கவிடுங்கள். 18ஆம் வசனம் கேட்பதும் அதுதான்: நரைத்த பிறகும் அடுத்த தலைமுறைக்கு உம் வல்லமையைச் சொல்லும்வரை என்னை விட்டுவிடாதேயும். சொல்லச் சொல்ல, கடவுள் எத்தனை முறை தன்னைக் கைவிடாமல் காத்தார் என்று அவரே கணக்குப் பார்த்துக்கொள்வார். அப்புறம், வீட்டுக்கு நற்கருணை கொண்டுவர முடியுமா என்று பங்குச் சுவாமியிடம் கேளுங்கள்.

ஆனால் சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், அதை விசுவாசக் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவி எண்ணிலும் பேசலாம்.