மூணு மாசத்துல குறைஞ்ச 8 கிலோ, திரும்பி வந்தப்ப 10 கிலோ

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, உயரம் 156 செ.மீ, வெயிட் 74 கிலோ. போன வருஷம் நாத்தனார் கல்யாணத்துக்காக மூணு மாசம் சோத்தையே தொடாம, காலைல ஓட்ஸ், ராத்திரி வெள்ளரிக்காய்னு இருந்து 8 கிலோ குறைச்சேன். கல்யாணம் முடிஞ்சு ஆறே மாசத்துல 10 கிலோ ஏறிடுச்சு. வாயக் கட்டத் தெரியலன்னு வீட்ல சொல்றாங்க, கேக்கவே அழுகையா வருது. நிரந்தரமா குறைக்க வழியே இல்லையா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: ராத்திரி வீடே பரோட்டா சாப்பிடும்போது மூணு மாசம் வெள்ளரிக்காயோட உக்காந்திருந்தீங்களேம்மா, உங்களுக்கா வாயக் கட்டத் தெரியாது? அந்தப் பேச்ச முதல்ல மனசுலேர்ந்து எடுத்துடுங்க.

வெயிட் திரும்ப ஏறுனதுல உடம்போட பங்கு பெருசு. வேகமா குறைச்சா உடம்பு அத பஞ்சம்னு எடுத்துக்கும், பசி கூடும், செலவழிக்கிற கலோரி குறையும். அமெரிக்காவுல டிவில வெயிட் குறைக்கிற போட்டி ஒண்ணு ரொம்ப பிரபலம், அதுல கலந்துக்கிட்ட 14 பேர ஆறு வருஷம் கழிச்சு கெவின் ஹால்ங்கிற விஞ்ஞானியோட குழு பரிசோதிச்சு 2016ல எழுதுனாங்க. பெரும்பாலானவங்களுக்கு நிறைய வெயிட் திரும்பியிருந்துச்சு, அதவிட, சும்மா இருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிறது அந்த சைஸுக்கு இருக்க வேண்டியதவிட நாளைக்கு சுமார் 500 கலோரி கம்மியா இருந்துச்சு. ஆறு வருஷம் கழிச்சும்!

இன்னொண்ணு, உங்க டயட்டுக்கு ஒரு முடிவு தேதி இருந்துச்சு, முகூர்த்த நாள். அது தாண்டுனதும் பழைய சாப்பாடு வந்துச்சு, பழைய வெயிட்டும் வந்துச்சு. அதனால இனிமே எந்த மாத்தம் செஞ்சாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இத எனக்கு அறுபது வயசு ஆனப்பவும் செய்வேனா? வெள்ளரிக்காய் டயட் அங்கயே தோத்துடும்.

சோத்த விடாதீங்க. அளவ ஒரு கப்பா வெச்சுக்கிட்டு தட்டுல பாதி பொரியல், கூட்டு, கீரை, கூடவே முட்டையோ சுண்டலோ பருப்போ கண்டிப்பா. அப்புறம் டீ. நாளைக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனின்னா அதுவே 150 கலோரிக்கு மேல போயிடும், வாரத்துக்கு கால் ஸ்பூனா குறைச்சா நாக்குக்கே தெரியாது. அப்புறம் நம்ம அம்மாக்கள் எல்லாரும் செய்யற வேல, புள்ள மிச்சம் வெச்ச தோசைய வீணாகுதேன்னு வாயில போடறது, உங்க வயிறு குப்பைத்தொட்டி இல்லம்மா, அத சொல்றப்ப எனக்கு கோவமே வருது. ராத்திரி சாப்ட்டதும் கால் மணி நேரம் தெருவுல நடங்க, வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க.

எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க, ஒண்ணு பழகுனதும் அடுத்தது. லண்டன்ல செஞ்ச ஒரு ஆய்வுல ஒரு பழக்கம் தானா வர சராசரியா 66 நாள் ஆச்சு, சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரைக்கும்கூட. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா ஒண்ணும் கெட்டுப்போகல. தீபாவளிக்கு நாலு அதிரசம் சாப்ட்டீங்களா, சந்தோஷம், அடுத்த வேள வழக்கம்போல சாப்பிடுங்க, பட்டினி கிடந்து ஈடுகட்ட வேணாம்.

இப்போதைக்கு 5 கிலோ மட்டும் இலக்கா வைங்க, அந்த அளவே சுகர், பிபிக்கு நல்ல வித்தியாசம் காட்டும். முள்ளு நகரலன்னு விட்டுடாதீங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு, சுகர் வர்ற எல்லைல இருந்தவங்கள வெச்சு செஞ்சு 2006ல வெளியிட்ட ஆய்வுல, சாப்பாட்டையும் நடையையும் மாத்துனவங்களுக்கு சுகர் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் குறைஞ்சுது, இத்தனைக்கும் அவங்க வெயிட் பெருசா இறங்கல. தைராய்டும் சுகரும் ஒரு தடவ டெஸ்ட் எடுத்துப் பாத்துடுங்க.

கேள்வி: ராத்திரி சோத்துக்கு பதிலா சப்பாத்தி சாப்ட்டா குறையுமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: எண்ணெய் விட்டு சுட்ட ரெண்டு சப்பாத்தியும் ஒரு கப் சோறும் கலோரில கிட்டத்தட்ட ஒண்ணுதான் தம்பி. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும்னா சோறே தேவல.